கை சரியாத்தான் போச்சு

குண்டு இல்ல அண்ணாச்சி. பயப்படாம உக்காருங்க. சாக்குல இருக்கது ஹாரன். எஞ்சின் போட்டுல மாட்டுத ஹாரன். தூத்துக்குடியில ஏறினதுலருந்து பாக்கேன், நீங்க சன்னலப் பாக்கிய, சாக்கப் பாக்கிய, எம் மொகத்தப் பாக்கிய. கண்டக்டரும் ரெண்டு தடவ வந்து மோந்து பாத்துட்டுப் போயிட்டான். மீனா இருந்தா லக்கேஜ் போடணுமாம். இரும்பப் போயி என்னத்த மோப்பம் பிடிக்கான் இவன்?

கால மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுங்க. இந்த வலது கால்லதான் திருக்கை மீனு முள்ளு ஏறிச்சு. இன்னும் பட்டா உசுரு போவுது. அதப் பெறவு சொல்லுதேன்.

நீங்க எங்க எறங்குதிய? திருச்செந்தூரா? அப்ப நேரம் கெடக்கு. நான் முத்தன்துறைக்குப் பிரியுத வெலக்குல எறங்கிருவேன்.

ஒண்ணு கேக்குதேன், மறைக்காமச் சொல்லுங்க. என்னப் பாத்தா மச்சினனக் கொல்லப் பாத்தவன் மாதிரி இருக்கா? இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். எங்க ஊர்ல பத்து மாசம் என்னய அப்பிடித்தான் சொன்னாவ. கொலைகாரன். நேராச் சொல்லமாட்டானுவ, நான் கடந்து போன பெறவு முதுகுக்குச் சொல்லுவானுவ. நான் வாயத் திறக்கல. கொலைகாரன்னா கொலைகாரன், போயிட்டுப் போவுதுன்னு நிமிந்து நடந்தேன். இப்ப வேற ஒண்ணு சொல்லுதானுவ. இத நேராவே சொல்லுதானுவ. சிரிச்சுக்கிட்டே சொல்லுதானுவ. இதத்தான் என்னால தாங்க முடியல.

மொதல்லருந்து சொல்லுதேன். நடுவுல கேள்வி கேக்காதிய, எனக்குக் கோவம் வரும்.

எம் பேரு பெர்க்மான்ஸ். பாய் வள்ளத்துல சுக்கான் பிடிக்கவன். சுக்கான் தெரியுமா உங்களுக்கு? தெரியாது. கடலுக்குப் போவாதவுகளுக்கு எங்க தெரியப் போவுது. படகுக்குப் பின்னால தண்ணிக்குள்ள ஒரு பலக நிக்கும். அது தலையில நீட்டமா ஒரு கட்ட. அந்தக் கட்டையப் பிடிச்சுத்தான் படகத் திருப்பணும். கட்டைய இடப்பக்கம் தள்ளினா படகு வலப்பக்கம் போவும். வலப்பக்கம் தள்ளினா இடப்பக்கம் போவும். கரையில இருக்கவனுக்கு இது கோட்டித்தனமாத் தெரியும். எங்களுக்கு அப்பிடி இல்ல. மீசை மொளைக்கதுக்கு முந்தி பிடிச்ச கட்ட. நான் யோசிக்கவே வேண்டாம், கை போவும்.

எங்க துறையில மாதா கோயில் திருவிழா கடைசி நாள் பாய்ப் படகுப் போட்டி வைப்பாவ. எஞ்சின் கெடையாது, காத்து மட்டுந்தான். கடலுக்குள்ள ஒரு டிரம்மு மெதக்க விட்டிருப்பாவ. அதப் போயிச் சுத்தி வரணும். போவதுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, எவனும் போவான். டிரம்ம சுத்துததுலதான் இருக்கு சங்கதி. நான் சுக்கானத் தள்ளணும், அதே நேரத்துல பாய்க் கயித்தப் பிடிச்சிருக்கவன் பாய மாத்தி விடணும். ஒரு மூச்சு முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. பாய்க் கயித்துல இருந்தது எம் மச்சினன் கஸ்பார். எம் பொண்டாட்டி பிலோமிக்கு ஒரே தம்பி. நாங்க ரெண்டு பேரும் சேந்தா எவனும் பக்கத்துல வரமுடியாது. கோப்பைய வைக்க வீட்டுல எடம் இல்லாம அரிசிப் பானை மேல வச்சிருந்தா பிலோமி.

ஒரு வருசம் தோத்தோம். தோத்தா என்ன, தோக்கத்தான் செய்யும். ஆனா கரைக்கு வந்து எறங்கினதும் இவன் சொல்லுதான், கோயில் சாமியார் நிக்காரு, ஊரே நிக்கி, கோப்பைய இன்னொருத்தன் கையில குடுத்துக்கிட்டிருக்காவ. அந்த நேரம் பாத்து சொல்லுதான். "அத்தான், சுக்கான் கொஞ்சம் லேட்டாத் திரும்பிட்டு."

கேட்டியளா? லேட்டாத் திரும்பிட்டு. யாரு கை? எங் கை. யாரு சொல்லுதா? ஐஸ் வண்டி ஓட்டுதவன். ஆமா, கடலுக்குப் போவாத நாள்ல இவன் மீன் கம்பெனிக்கு ஐஸ் வண்டி ஓட்டுவான். வண்டி ஓட்டுதவன் எனக்குச் சுக்கான் சொல்லித் தாரான்.

நான் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சொன்னேன், "ஏல, ஒம் பாயும் வேண்டாம், ஒங் காத்தும் வேண்டாம். வள்ளத்த நீயே வச்சு அழு. நான் எஞ்சின் போட்டு வாங்கி ஓட்டுதேன், எவன் லேட்டுங்கான்னு பாப்போம்." கோவத்துல சொன்னதுதான். ஆனா சொன்னா சொன்னதுதான்.

தூத்துக்குடியில ஒருத்தர், துறைமுகத்துல நிக்க கப்பலுக்குக் காய்கறி, மளிகை கொண்டு குடுக்கவர், கேபின் வச்ச சின்ன பைபர் போட்டு ஒண்ண விக்கப் போட்டிருந்தாரு. மேல கூர, சுத்திக் கண்ணாடி, உள்ள ரெண்டு பேரு கால நீட்டிப் படுக்கலாம். மழ நனையாது, வெயிலு அடிக்காது. சுக்கான் கட்டையும் கெடையாது. கார்ல இருக்கே, அந்த வட்டம். ஸ்டீயரிங். வலப்பக்கம் திருப்பினா வலப்பக்கமே போவும், இடப்பக்கம் திருப்பினா இடப்பக்கமே போவும். கடல்ல ஓடுததுக்கு எதுக்குய்யா கார் புத்தி? சரி, எனக்கென்ன. ஒரே நாள்ல பழகிட்டேன்.

கேபின் பக்கவாட்டுல பெருசா பிலோமின்னு பேரெழுதினேன். அவ வந்து பாத்துட்டு, "எந் தம்பி கூடப் பேசாத மனுசன் எதுக்கு எம் பேர எழுதுதிய?"ன்னா. பொம்பள சந்தோசத்தக்கூட சண்டையாத்தான் சொல்லுவா.

எங்க துறையில ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு மொதமொத எறங்கும்போது பொண்டாட்டி கூடப்பொறந்தவன் முன்தலையில ஏறி நிக்கணும். அவன் கையக் காட்டுத பக்கம்தான் படகு மொதல்ல போவணும். அப்பத்தான் அந்தப் படகுக்குக் கடலு வழி விடும்னு சொல்லுவாவ. கஸ்பாரும் அன்னைக்கு வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வந்து கரையில நின்னான். கூப்பிடாமலே ஏறுவான்னு நான் பாத்தேன். ஏறல. கூப்பிடுவேன்னு அவன் நின்னான். கூப்பிடல. முன்தலை காலியாவே படகு எறங்கிச்சு. அதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். வேட்டி கட்டத் தெரிஞ்சவனுக்கு நாலு எட்டு எடுத்து வச்சு ஏறத் தெரியலையா?

பெறவு நான் போட்ட சரி பண்ண ஆரம்பிச்சேன். வாங்கினபடியே எவன் ஓட்டுவான்? மொத நாளே படகு கட்டுத பாலத்துல அணைக்கும்போது நீரோட்டம் இழுத்துக் கொண்டு போயி தூண்ல இடிச்சுட்டு. சரின்னு போட்ட சுத்தி லாரி டயரு கட்டினேன். பெறவு ஒரு நா மணல் திட்டுல ஏறிட்டு. மேக்கால வெயிலு, கண்ணு கூசிட்டு, வேற ஒண்ணும் இல்ல. ஆழம் பாக்குத மிஷினு ஒண்ணு, ஜிபிஎஸ் ஒண்ணு, ரெண்டும் மாட்டினேன். சாமியார மந்திரிக்கக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவரு தீர்த்தம் தெளிக்கும்போது எதுக்க ஒரு வள்ளம் வந்திச்சு, திருப்பினேன், போட்டு எகிறி எவன் வலைக்குள்ளயோ போயிட்டு. சாமியாரு குப்புற விழுந்தாரு. அவருக்குக் கடல் பழக்கம் கெடையாது. அதுக்கும் நான் ஏற்பாடு பண்ணினேன், கேபின் சுத்தி எவர்சில்வர் கைப்பிடி. எஞ்சினும் போதாமத்தான் இருந்துச்சு. வேகம் இருந்தா இடிக்கதுக்கு முன்னால விலகிரலாம்லா, அதனால பெரிய எஞ்சினா மாத்தினேன்.

ஊர்ல எவன்கிட்டயும் இல்லாத போட்டு அண்ணாச்சி. ஒவ்வொண்ணும் பாத்துப் பாத்துச் செஞ்சது.

அடுத்த திருவிழா வந்துச்சு. போட்டியில கவுந்துட்டா ஆளத் தூக்கணும்லா, அதுக்குக் காவல் போட்டு வேணும். ஊர்க் கமிட்டியில என்னயக் கூப்பிட்டாவ. டிரம்மு பக்கத்துல நில்லுங்கன்னாவ. நின்னேன். மனசுக்குள்ள ஒரு திமிரும் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. காத்த நம்பி வருதவனுவ எல்லாம் எம் முன்னாலதான் சுத்தணும்.

எங்க வள்ளந்தான் முந்தி வருது. எங்க வள்ளம்னா, அவன் வள்ளம். சுக்கான் கஸ்பார் கையில. நான் பிடிச்ச கட்ட. எப்பிடித் திருப்புதான்னு பாத்துக்கிட்டே நிக்கேன். நல்லாத்தான் திருப்பினான், பாவி. ஆனா அகலமாச் சுத்திட்டான். சுத்தி நேரா எம் மேல வாரான். நான் வலப்பக்கம் ஒதுங்கணும். வலப்பக்கம் ஒதுங்கிட்டா ஒண்ணும் கெடையாது, கடலு கெடக்கு அம்புட்டு. வேகத்தக் குடுத்தேன். சட்டுனு கை இடப்பக்கம் போச்சு.

கை சரியாத்தான் போச்சு அண்ணாச்சி. படகுதான் தப்பாப் போச்சு.

பெரிய எஞ்சின்லா. வள்ளத்துக்குப் பின்பக்கமா ஏறிட்டு. பலக முறிஞ்ச சத்தம் இன்னும் காதுல கெடக்கு. சுக்கானுக்கும் போட்டுக்கும் நடுவுல அவன் கை. எஞ்சின நிறுத்தினனா, சாவிய உருவினனா, எதுவும் ஞாபகம் இல்ல. குதிச்சேன். தண்ணிக்குள்ள அவன் தலைமுடி கையில பட்டுச்சு, பிடிச்சு இழுத்தேன். "அத்தான்"னான். அவ்வளவுதான் சொன்னான். அவன எந் தோள்ல போட்டுக்கிட்டு நீந்துதேன், எம் பிலோமிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்னு ஒரே ஓட்டம் மனசுல.

கரையில ஒரே சத்தம். வேணும்னே ஏத்திட்டான், போன வருசக் கோவத்த வச்சு ஏத்திட்டான், கண்ணால பாத்தோம், வேகத்தக் கூட்டி ஏத்தினான். கண்ணால பாத்தது உண்மைதான். வேகத்தக் கூட்டினதும் உண்மைதான்.

ஆஸ்பத்திரி வராண்டாவுல பிலோமி எம் முன்னால வந்து நின்னா. சேலையில தம்பி ரத்தம். அவ கத்தல, அழல. மெதுவாச் சொன்னா, "ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. கை தவறிட்டுன்னு சொல்லுங்க. ஊரு என்ன சொன்னாலும் நான் உங்களத்தான் நம்புவேன்."

"எங் கை தவறல"ன்னேன்.

"அப்ப வேணும்னா ஏத்தினிய?"

"எங் கை தவறலன்னு சொல்லுதேன்லா."

"ஏங்க, ரெண்டுல ஒண்ணுதான இருக்க முடியும்?"

அவ என்னயப் பாத்த பார்வ இருக்கே. கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து அவ என்னய அப்பிடிப் பாத்ததில்ல. "எனக்கு இருக்கது ஒரு தம்பி"ன்னா. ஆஸ்பத்திரியிலருந்து நேரா அவன் வீட்டுக்குப் போயிட்டா. மாத்துச் சேலைக்குக்கூட வீட்டுக்கு வரல.

நீங்களே சொல்லுங்க. கை தவறிட்டுன்னு நான் எப்பிடிச் சொல்ல முடியும்? சொன்னா அடுத்த நிமிசம் ஊரு என்ன சொல்லும்? ஆமா, போன வருசமும் அவன் கைதான லேட்டுன்னு சொல்லும். கஸ்பார் சொன்னது சரிதான்னு ஆயிரும். முப்பது வருசம் நான் பிடிச்ச சுக்கான் எல்லாம் பொய்யின்னு ஆயிரும். அதுக்கு நான் கொலைகாரனாவே இருந்துட்டுப் போறேன்.

கமிட்டியில கூப்பிட்டு விசாரிச்சாவ. வாயத் திறக்கல. பின்ன, எம் போட்டத் துறையில கட்டக் கூடாதுன்னுட்டாவ. தெக்க உப்பளத்து ஓடையில கொண்டு போயிக் கட்டினேன். மனுச நடமாட்டம் கெடையாது, கொக்கு மட்டும் நிக்கும். டீக்கடையில எனக்குன்னு தனியா வச்ச மாதிரி ஒரு பெஞ்சு காலியாக் கெடக்கும். கோயில்ல சமாதானம் சொல்லும்போது பக்கத்துல இருக்கவன் கையக் குடுக்கணும்லா? எம் பக்கத்துல ஆளே நிக்க மாட்டான்.

நான் என்ன செஞ்சேன்? போட்டப் பாத்தேன். கொற போட்டுலதான இருக்கு. பழைய ஸ்டீயரிங்க கழத்தி எறிஞ்சுட்டு ஹைட்ராலிக் போட்டேன். எண்ணெய் ஓடுத ரெண்டு குழாயி, அதுதான் திருப்பும். விரலால திருப்பலாம். கேபினுக்குள்ள ஒரு மெத்த, ஒரு கேஸ் அடுப்பு, சன்னலுக்குத் திரை. ஒரு கண்ணாடியும் மாட்டினேன். போட்டுக்கு எதுக்குக் கண்ணாடின்னு மெக்கானிக் இசக்கி கேக்கான். ஏல, நீ குழாய மாட்டுன்னேன். ஒரு பொம்பள ஏறினா தல வாரக் கண்ணாடி வேண்டாமா? எந்தப் பொம்பள ஏறுவான்னு கேக்காதிய. யாராவது ஏறுவாவ.

ஆனா ஹைட்ராலிக் போட்டும் அதே கோளாறு. எதுக்க ஒண்ணும் இல்லாதப்ப ஒழுங்காப் போவும். எதுக்க ஏதாவது வந்து சட்டுனு திருப்பினா, நான் திருப்பினதுக்கு மாத்திப் போவும். அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. கம்பெனிக்காரனே குழாய மாத்தி மாட்டி அனுப்பிருக்கான். இசக்கிய வரச் சொல்லி, "ரெண்டு குழாயவும் எடம் மாத்தி மாட்டு"ன்னேன்.

"அண்ணாச்சி, தலகீழாப் போயிரும். இடப்பக்கம் திருப்பினா வலப்பக்கம் போவும்."

"அதத்தாம்ல சொல்லுதேன். மாட்டு."

மாட்டினான். எஞ்சின் போட்டு ஓடைய விட்டு வெளிய வந்தேன். எதுக்க ஒரு மரக்கட்ட மெதந்து வந்துச்சு. கை போச்சு. படகும் சரியாப் போச்சு. கத்தியால வெட்டின மாதிரி ஒதுங்கிச்சு அண்ணாச்சி! அன்னையிலருந்து ஒரு இடி கெடையாது, ஒரு திட்டு கெடையாது. பாத்தியளா, அம்புட்டுக் காலமும் கோளாறு எங்க இருந்திருக்குன்னு? நீங்க ஏன் சிரிக்கிய? சிரிக்கலையா? சரி.

இப்ப திருக்கைக்கு வாரேன். தனியாத்தான் தூண்டில் போட்டுக்கிட்டிருந்தேன், கூட வர ஆளு ஏது. நல்ல தாம்பாளம் அகலத்துக்கு ஒரு திருக்கை. தூக்கி உள்ள போட்டேன். வால ஒரு வீசு வீசிச்சு, முள்ளு கால்ல முக்கால்வாசி எறங்கிட்டு. அந்த வலி எதிரிக்கும் வரக் கூடாது. எதிரின்னா, கமிட்டித் தலைவருக்கு வேணும்னா வரலாம். கண்ணு இருட்டுது, நெஞ்சு அடைக்கி. ஸ்டீயரிங்க பிடிச்சு நிக்க முடியல. கைலிய அவுத்து வீசுதேன், எவனாவது பாக்கானான்னு.

ஒரு பாயி தெரிஞ்சுது. எந்தப் பாயின்னு எனக்குத் தெரியாதா? நான் தச்ச ஒட்டு அதுல இருக்கு.

கெடந்து சாவட்டும்னு கஸ்பார் போயிருக்கலாம். நானா இருந்தா, சத்தியமாச் சொல்லுதேன், கொஞ்சம் யோசிச்சிருப்பேன். அவன் யோசிக்கல. கூட இருந்த ரெண்டு பேருகிட்ட வள்ளத்தக் குடுத்துட்டு, ஒடிஞ்ச எலும்புக்குப் பிளேட்டு வச்ச கையோட எம் போட்டுல தாவி ஏறினான். என்னய ஒரு பார்வ பாத்தான், கால ஒரு பார்வ பாத்தான். துண்டக் கிழிச்சுக் கட்டினான். எஞ்சின போட்டு ஸ்டீயரிங்க பிடிச்சான்.

ஐஸ் வண்டி ஓட்டுதவன்லா. கரை வலப்பக்கம் இருக்கு, வலப்பக்கம் திருப்பினான். போட்டு இடப்பக்கம் திரும்பி எலங்கைக்குப் போவுது. என்னடா இதுன்னு இன்னும் வலப்பக்கம் முறிச்சான். ரங்கராட்டினம் மாதிரி சுத்துது. நான் தரையில கெடந்து உருளுதேன். எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம், "ஏல, கோட்டிக்காரா! வலப்பக்கம் போவணும்னா இடப்பக்கம் திருப்பணும்லா!"

அவன் இடப்பக்கம் திருப்பினான். வலப்பக்கம் போச்சு. வலப்பக்கம் திருப்பினான். இடப்பக்கம் போச்சு. எஞ்சின் வேகத்தக் கொறச்சுட்டு எம் பக்கத்துல வந்து குத்த வச்சான்.

"அத்தான், இத யாரு இப்பிடி மாட்டினது?"

"நாந்தாம்ல. கம்பெனிக்காரன் தப்பா மாட்டிருந்தான், நான் சரி பண்ணினேன்."

"எப்ப?"

"ஒன்னய இடிச்ச பெறவு."

எங் கையவே பாத்துக்கிட்டு இருந்தான். பெறவு மெதுவாக் கேக்கான், "அன்னைக்கு ஒதுங்கத்தான் பாத்தியளா?"

"பின்ன என்னல? ஒம் மேல ஏத்தவா பாத்தேன்? வலப்பக்கம் ஒதுங்கணும்னு இடப்பக்கம் திருப்பினேன். எங் கை சரியாத்தாம்ல போச்சு!"

வலியில வந்துட்டு அண்ணாச்சி. சுய நெனவுல இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.

அவன் மொகம் ஒரு மாதிரி போச்சு. அழப் போறானோன்னு பாத்தேன். சிரிக்கான். எந் தலமாட்டுல உக்காந்துக்கிட்டு சிரிக்கான், கண்ணுலருந்து தண்ணி ஊத்துது, ஒடிஞ்ச கையால எம் மொகத்தத் தடவுதான், திரும்பச் சிரிக்கான். "அத்தான், பத்து மாசம் எங்கள இப்பிடிக் கொன்னுட்டியளே அத்தான்." நான் திருக்கை முள்ளுல செத்துக்கிட்டிருக்கேன், இவன் சிரிக்கான். இதுதான் மனுசத்தன்மையா?

கரைக்கு வந்து சேந்தோம். வளைஞ்சு வளைஞ்சுதான் வந்தோம், இவனுக்கு அந்த ஸ்டீயரிங் பிடிபடவே இல்ல. நேரா துறையிலயே கொண்டு வந்து ஏத்தினான், தடையாவது ஒண்ணாவது. என்னய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாவன்னு பாத்தா, மொதல்ல இவன் கரையில நின்னு எல்லாத்துக்கும் சொல்லுதான். கைய ஆட்டி ஆட்டிக் காட்டுதான். "வேணும்னு ஏத்தல! பழக்க தோசம்! சுக்கானு நெனப்புல ஸ்டீயரிங்கத் திருப்பிருக்காரு!" தலைவரு சிரிக்காரு. சாமியாரு வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிக்காரு. கொலைகாரன்னு சொன்ன ஒருத்தனும் மன்னிப்புக் கேக்கல அண்ணாச்சி, எல்லாவனும் சிரிச்சான்.

ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வந்தா, பிலோமி அடுப்பு மூட்டி, திருக்கை விசத்துக்கு வெந்நி போட்டுக்கிட்டிருக்கா. தம்பி வீட்டுலருந்து கொண்டு வந்த பெட்டி வாசல்ல இருக்கு. எங் கால எடுத்து வெந்நிக்குள்ள வச்சா. சூடு பொறுக்குதான்னு பாத்தா. குனிஞ்ச தல நிமிரல. தோளு குலுங்குது. அழுவுதாளோன்னு நெனச்சு எனக்கும் நெஞ்சு நெறஞ்சு போச்சு, தலையில கைய வச்சேன். நிமிந்தா. அவளும் சிரிக்கா! "தவறிட்டுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போவும்?"ங்கா. "எங் கை தவறல"ன்னேன். "சரி, தவறல. அந்தக் கால எடுங்க, இந்தக் கால வைங்க"ன்னா. நான் தப்பான கால வெந்நியில வச்சிருந்தேனாம். அவதான வச்சா?

இப்ப ஊர்ல எம் பேரு தலகீழ் பெர்க்மான்ஸ். டீக்கடையில டீ குடுக்கும்போது "எந்தக் கையில வாங்குவியோ"ங்கான். கோயில்ல சமாதானம் சொல்ல வரிசையில வந்து கையக் குடுக்கானுவ, குடுக்கும்போதே பல்லக் காட்டுதானுவ. தலைவரு துறையில திரும்பவும் கட்டலாம்னு சொல்லிட்டாரு. ஒரே ஒரு கட்டுப்பாடு. நான் கரைக்கு வரும்போது ஹாரன் அடிச்சுக்கிட்டே வரணுமாம், மத்தவன் விலகுததுக்கு. அதுக்குத்தான் இந்தச் சாக்கு. சின்ன ஹாரன் போதும்னாவ. நான் இருக்கதுலயே பெருசு வாங்கிருக்கேன். லாரிக்கு மாட்டுதத விடப் பெருசு. அவனுவ சாப்பிடும்போது அடிப்பேன், சாமியாரு பிரசங்கம் வைக்கும்போது அடிப்பேன்.

கஸ்பாரு அதுக்கு மேல. நான் கெளம்பும்போதெல்லாம் வந்து முன்தலையில ஏறிக்கிடுதான். கூப்பிடாமலே. அங்கன நின்னு கைய நீட்டி, "அத்தான் இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!"னு காட்டுதான். கரையில எல்லாவனும் கை தட்டுதான். புதுப் படகு எறங்குத அன்னைக்கு வந்து நிக்க வேண்டியவன், இப்ப வந்து நிக்கான். ஏல எறங்குன்னா எறங்க மாட்டேங்கான். பிலோமியும் இப்ப போட்டுல வாரா. கண்ணாடி கோணலா மாட்டிருக்குங்கா. நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லுதா, அந்தக் கண்ணாடிய.

போன வாரம் கஸ்பாரு கேட்டான், அடுத்த மாசம் திருவிழாலா, போட்டிக்கு நீங்கதான் சுக்கான் பிடிக்கணும், எனக்குக் கை மடங்க மாட்டேங்குன்னு.

"ஏன், எங் கைதான் லேட்டாத் திரும்புமே?"ன்னேன்.

"திரும்பட்டும் அத்தான்"ங்கான்.

நான் இன்னும் பதில் சொல்லல. கெடக்கட்டும், ஒரு மாசம் கெடந்து தவிக்கட்டும். சுக்கான் கட்டைய மட்டும் கழத்தி வீட்டுக்குக் கொண்டு வந்து எண்ணெய் தடவி வச்சிருக்கேன். கட்ட வெடிச்சிரக் கூடாதேன்னு.

வெலக்கு வந்துட்டு. எறங்கணும். அங்கன ஆலமரத்தடியில நிக்காளே பச்சச் சேல, அதுதான் பிலோமி. கால் வலியோட சாக்கச் சொமக்க வேண்டாம்னு வந்திருக்கா. இந்தா பாருங்க, பஸ்ஸு இன்னும் நிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள சிரிக்கா.

திருச்செந்தூர் போயிட்டுத் திரும்பும்போது வாங்க அண்ணாச்சி. நல்ல மீன் கொழம்பு வைப்பா. வழி கேக்கும்போது மட்டும் ஒரு உபகாரம் பண்ணுங்க. தலகீழ் பெர்க்மான்ஸ் வீடுன்னு கேக்காதிய. கொலைகாரன் வீடு எதுன்னு கேளுங்க. ஒருத்தனுக்காவது ஞாபகம் இருக்கும்.